வால்வு மூடி டிபிஎம்எஸ்: அலாரத்தை விட நாலு நம்பர்தான் விஷயம்

காருக்கு வெளியிலிருந்து மாட்டுகிற டயர் பிரஷர் சென்சார் (டிபிஎம்எஸ் என்பது இதுதான்) வாங்கலாமா என்று புதுச்சேரி லாஸ்பேட்டை நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதை விட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இது. என் செட் ஒரு கத்திரி வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் பார்த்துவிட்டது, அதனால் சொல்லலாம். வாங்கலாம். ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற அலாரத்துக்காக இல்லை.

பொருள் ரொம்ப சாதாரணம். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகுகிற நாலு சென்சார், டேஷ்போர்டில் ஒட்டுகிற சின்னத் திரை, அதன் தலையில் ஒரு சோலார் தகடு, பக்கத்தில் யுஎஸ்பி சார்ஜிங். மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. ஆன்லைனில் ஒரே சாமான் பல பெயர்களில் வருகிறது, பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு, அதனால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. மாட்டுவதற்கு மெக்கானிக்கும் வேண்டாம்: பழைய மூடியைக் கழற்றி, லாக் நட்டைக் கீழே இறக்கி, சென்சாரைத் திருகி, நட்டை மேலே ஏற்றி இறுக்கினால் முடிந்தது. எந்தச் சென்சார் எந்தச் சக்கரத்துக்கு என்று அதன் மேலேயே குறித்திருக்கும், அதை மட்டும் மாற்றிப் போடாதீர்கள். டயர் ரொட்டேஷன் (டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றுவது) செய்துவிட்டு வரும்போதும் சென்சார்களைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் முன் டயரில் காற்று இறங்கும்போது திரை பின் டயரைக் காட்டும்.

மாட்டியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அலாரம் அளவை மாற்றுவது. என் செட்டில் கம்பெனியே வைத்து அனுப்பிய கீழ் அளவு 26 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தை அளக்கிற அலகு). என் கார் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் 33 என்கிறது. அதாவது ஏழு பிஎஸ்ஐ போகும் வரை இது வாயே திறக்காது. கம்பெனியிலேயே டிபிஎம்எஸ் வைத்து வரும் கார்களும் இந்த விஷயத்தில் பெரிதாக உசத்தி இல்லை. ஃபயர்ஸ்டோன் என்கிற கம்பெனியின் டயர்களால் நடந்த விபத்துகளுக்குப் பிறகு 2000இல் அமெரிக்காவில் சட்டம் வந்து, அதன்படி எல்லாப் புதிய கார்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயமானது. ஆனால் அங்கே விதித்திருக்கிற எல்லையே, சொன்ன அளவில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதுதான். 33 வைக்க வேண்டிய டயரில் அது கிட்டத்தட்ட 25. அந்த மஞ்சள் விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. நான் கீழ் அளவை 29க்கு ஏற்றிவிட்டேன்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் சென்சார் வாங்கியும் பிரயோஜனம் இல்லை. ஸ்டிக்கரில் இருக்கிற அளவு டயர் ஆறியிருக்கும்போது உள்ள அளவு. வண்டி சில மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய நம்பர் அந்த டயர் தாங்கும் உச்சம், அதைப் பார்த்துக் காற்றுப் பிடிக்கக் கூடாது. காலையில் 33 இருந்த டயர், மே மாதம் மத்தியானம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு தாண்டுவதற்குள் 37 காட்டும். பத்து டிகிரி சூடு ஏறினால் இரண்டு பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும், அவ்வளவுதான் கணக்கு. புதிதாகச் சென்சார் மாட்டியவர்கள் இந்த 37ஐப் பார்த்துப் பதறிப்போய்க் காற்றை இறக்கச் சொல்கிறார்கள். இறக்காதீர்கள். சாயங்காலம் டயர் ஆறியதும் அது 29இல் வந்து நிற்கும், மறுநாள் அந்தக் குறைந்த காற்றில்தான் ஓட்டுவீர்கள். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடாகும், நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க இந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம். ஓரங்கள் சீக்கிரம் தேய்வதும் ஸ்டியரிங் கனப்பதும் அப்புறம்.

சரி, அப்படியென்றால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிற நம்பரை வைத்து என்ன தெரிந்துகொள்வது? நாலையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். சூடு என்றால் நாலும் சேர்ந்து ஏறும். ஒன்று மட்டும் ஏறாமல் நின்றால் அங்கே ஆணி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கடலூர் போகும் வழியில் எனக்கு இதுதான் நடந்தது. அரியாங்குப்பம் தாண்டும்போது மூன்று டயர் 35, 36 என்று ஏறிவிட்டது, பின் இடது மட்டும் 33இலேயே கிடந்தது. முள்ளோடையில் 32. அங்கே வழக்கம்போல கடலூர்க்காரர்கள் புதுச்சேரி விலைக்குப் பெட்ரோல் போட வரிசையில் நிற்க, நான் அந்தச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரெட்டிச்சாவடியில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தி, நாலு நம்பரையும் காட்டினேன். கடைக்காரர் சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் இரண்டு பள்ளத்துக்கு நடுவே ஸ்க்ரூ ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. “இது ராத்திரிக்கு உக்காந்திருக்கும் சார்” என்றார். இவ்வளவுக்கும் அலாரம் அடிக்கவே இல்லை, அடிக்க வேண்டிய அளவுக்குக் காற்று போகவும் இல்லை. ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று பொதுவாக மெதுவாகத்தான் கசியும், அந்த மெதுவான கசிவு பிடிபட்டது என்பதற்காகவே நான் கொடுத்த காசு சரி என்கிறேன்.

ஒப்பிடும்போது வெயிலையும் கணக்கில் எடுங்கள். கடற்கரைச் சாலைப் பக்கம் காலையில் நிறுத்திவிட்டு வந்தால் வெயில் பட்ட பக்கத்து இரண்டு டயரும் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடவே காட்டும். கிளம்பும் நேரத்தில் முன்னும் பின்னுமாக அதே பக்கத்து டயர்களை ஒப்பிட்டால் குழப்பம் வராது. இன்னொன்று, வண்டி நின்றிருக்கும்போது சென்சார் தூங்கிவிடும், காலையில் திரை காட்டுவது நேற்றைய கடைசி அளவாகவும் இருக்கலாம். தெருமுனை வரை உருண்ட பிறகு வருகிற நம்பரைத்தான் நம்ப வேண்டும். வெப்பநிலை காட்டுவதை நான் பெரிதாக மதிப்பதில்லை, வெளியே தொங்குகிற சென்சாருக்கு டயருக்குள் இருக்கிற சூடு எப்படிச் சரியாகத் தெரியும்?

இப்போது குறைகள். இந்திரா காந்தி சிலை சந்திப்பில் மழைக்குத் தண்ணீர் நிற்பது புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் ஒரு தடவை இறங்கி ஏறியதற்கே ஒரு சென்சார் செத்துவிட்டது, திரையில் வெறும் கோடு. விற்றவரிடம் கேட்டால் தண்ணீர் புகாது என்று பெட்டியில் போட்டிருப்பது தூறலுக்குத்தானாம். மாற்றுச் சென்சாருக்குத் தனியாகக் காசு கேட்டார், மூன்று மெயிலுக்கு அப்புறம் பாதி விலைக்கு இறங்கி வந்தார். இப்போது மழைக்காலத்துக்கு முன்னால் சென்சாரின் மூடியைத் திறந்து, உள்ளே ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். பேட்டரி சிஆர்1632, நாமே மாற்றலாம், அது ஒரு வசதி.

அதைவிடக் கடுப்பான விஷயம் காற்றுப் பிடிப்பது. சென்சாரைக் கழற்றாமல் காற்று ஏற்ற முடியாது, லாக் நட்டைத் தளர்த்தாமல் சென்சாரைக் கழற்ற முடியாது, பெட்ரோல் பங்கில் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும். உப்புக்காற்றில் நட்டு துருப்பிடித்து இறுகிக்கொள்ளும் என்பதால் அவ்வப்போது கழற்றி மாட்டுவது நல்லதுதான், ஆனால் தேங்காய்த்திட்டு, தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். ரப்பர் வால்வு பழசாகி வெடிப்பு விட்டிருந்தால் சென்சாரின் கனத்தைத் தாங்காது, முதலில் வால்வை மாற்றுங்கள்.

யாருக்கு இது வேண்டாம்? திரையிலேயே ஒவ்வொரு டயரின் அளவையும் தனித்தனியாகக் காட்டுகிற காருக்கு வேண்டாம். விளக்கு மட்டும் எரிகிற கார் என்றால் மேனுவலைப் பாருங்கள். அப்படிப்பட்டவை பலவற்றில் சக்கரத்துக்குள் சென்சாரே இருக்காது, காற்று இறங்கிய சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதை ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் பார்க்கிற அமைப்பு) வழியாகக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு அது. நாலு டயரிலும் ஒரே மாதிரி காற்று இறங்கினால் அதற்குத் தெரியாமல் போகலாம், காற்றுப் பிடித்த பிறகு ரீசெட் செய்யாவிட்டாலும் தடுமாறும். அந்தக் கார்க்காரர்கள் தாராளமாக இதை வாங்கலாம். நெல்லித்தோப்பிலிருந்து முதலியார்பேட்டைக்கு ஆபீஸ் போய் வருவதோடு சரி என்பவர்களுக்குக் கையில் பிடித்துப் பார்க்கிற ஒரு நல்ல கேஜ் போதும்.

அடுத்த தடவை டயர் மாற்றும்போது ரிம்முக்குள் வைக்கிற வகைக்குப் போவதாக இருக்கிறேன். விலை கூட, பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும், ஆனால் திருட்டுப் பயமும் நட்டுத் தொல்லையும் இல்லை. ஸ்டெப்னிக்கு இந்தச் செட்டில் சென்சார் கிடையாது, பெட்ரோல் போடும்போது டிக்கியைத் திறந்துவிட்டு, “தம்பி, இதுக்கும் 33 பாத்துடுப்பா” என்று சொல்லிவிடுகிறேன்.