திருகோணமலையிலிருந்து எம்.பி.ஏ.: கொழும்பா, வந்தாறுமூலையா, திறந்த பல்கலைக்கழகமா?

திருகோணமலையில் ஒரு வங்கிக் கிளையையோ, சீனன்குடாத் தொழிற்சாலை ஒன்றின் ஒரு பிரிவையோ, நிலாவெளி விடுதியொன்றின் கணக்குப் பகுதியையோ பொறுப்பேற்று நடத்துபவர்கள், பத்தாண்டு அனுபவம் சேர்ந்த பிறகு வணிக நிருவாக முதுமாணிப் பட்டம் (எம்.பி.ஏ.) பற்றி யோசிக்கத் தொடங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. விசாரிக்க வருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்தாம்: கட்டணம் எவ்வளவு, எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் அதிகம். இரண்டும் கேட்க வேண்டியவையே. ஆனால் வேலையை விடாமல், குடும்பத்தைப் பிரியாமல் படிக்க நினைக்கும் ஒருவருக்கு, அந்த இரண்டையும்விடக் கனமான கேள்விகள் இருக்கின்றன. வார இறுதி எப்படிச் செலவாகும்? வகுப்பில் அருகே யார் இருப்பார்கள்? இறுதியில் எழுத வேண்டிய ஆய்வு தமது தொழிலிடத்தைத் தொடுமா? கிழக்கிலேயே தொழிலைத் தொடர எண்ணுபவருக்குக் கடைசிக் கேள்வியே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள ஒப்பீடு அந்தக் கோணத்தில் செய்யப்பட்டது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். எம்.பி.ஏ. என்ற பட்டம் 1908இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஏற்கனவே நிருவாகப் பதவியில் இருப்பவர்களுக்கென்று, அவர்கள் வேலையில் இருந்தபடியே படிக்கும் வகையில் அமைந்த நிறைவேற்று எம்.பி.ஏ.யை 1943இல் சிக்காகோ பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. முழுநேரமாக வளாகத்தில் தங்கிப் படிக்கும் எம்.பி.ஏ. பரவலாக உள்ள நாடுகளில் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. இலங்கை அரச பல்கலைக்கழகங்களின் எம்.பி.ஏ.யோ பெரும்பாலும் தொழில் பார்ப்பவர்களுக்காக வார இறுதிகளில் நடத்தப்படுவது. ஆகவே பட்டத்தின் பெயரில் "நிறைவேற்று" என்ற அடைமொழி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து இங்கே முடிவெடுப்பதில் பயனில்லை.

பார்க்க வேண்டியது, பட்டங்களையும் டிப்ளோமாக்களையும் மட்டங்களாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் அந்தப் பட்டம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதை. பாடநெறிகளை மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டத்தைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது 30 கிரெடிட் வேண்டும். கணிசமான ஆய்வுக் கூறும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம். அதற்கு 60 கிரெடிட், அதில் 15 ஆய்வுக்குரியது. ஒரு கிரெடிட் என்பது மாணவர் ஒருவர் செலவிட வேண்டிய 50 மணித்தியாலக் கற்றலாகக் கணக்கிடப்படுகிறது. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆகவே 9ஆம் மட்டம் என்றாலே 1500 மணித்தியாலம். 10ஆம் மட்டத்தில் அது குறைந்தது இரண்டு மடங்காகிறது. விரிவுரையாளராகவோ கலாநிதிப் பட்டத்தை நோக்கியோ ஒருநாள் போகக்கூடும் என்று மனதின் ஓரத்தில் எண்ணமுள்ளவர், ஆய்வுக் கூறு உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர் அந்தக் குறையை நிரப்புவது கடினம்.

இனிக் கொழும்பு. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்துடன் இணைந்து 1986இல் நிறுவப்பட்ட பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் பொரளையில் இருக்கிறது; கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, நிதிப் பீடமும் நகரின் நடுவிலேயே இருக்கிறது; களனி, மொரட்டுவை பல்கலைக்கழகங்களும் எட்டும் தூரத்தில் எம்.பி.ஏ. நடத்துகின்றன. இவற்றின் பெரும் பலம், பாடத்திட்டத்தைவிட, வகுப்பில் வந்து அமர்பவர்களில் இருக்கிறது. வங்கித் தலைமையகங்களிலும், ஆடை ஏற்றுமதிக் கம்பனிகளிலும், மென்பொருள் நிறுவனங்களிலும் தீர்மானம் எடுக்கும் மேசைக்கு அருகே இருப்பவர்கள் அங்கே சகமாணவர்களாகிறார்கள். ஒரு கிளை முகாமையாளர் சுற்றறிக்கையாக மட்டும் பெற்றுப் பழகிய ஒரு கொள்கையை வகுத்தவர், குழு ஒப்படையில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கலாம். விடய ஆய்வுகளை வைத்து விவாதிக்கும் கற்பித்தல் முறையில், பாதிப் பாடம் சகமாணவர்களின் வாயிலிருந்துதான் வருகிறது என்பதால், இதைச் சிறிய நன்மையாகக் கருத முடியாது. தலைமையகத்துக்கு மாற்றலாகிப் போக விரும்புபவர், அல்லது கம்பனி மாற எண்ணுபவர், கொழும்பைத் தேர்ந்தெடுப்பதில் முழு நியாயம் இருக்கிறது.

அதற்குரிய விலை தூரம். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கல்ஓயா சந்தி வழியாகச் செல்லும் இரவு ரயிலில் ஏறத்தாழ எட்டு மணித்தியாலம். பஸ்ஸிலும் பெரிதாக மிச்சமாகாது. போய்வர பதினாறு மணித்தியாலம் என்றும், ஆண்டில் நாற்பது வார இறுதிகள் வகுப்புக்குப் போகின்றன என்றும் வைத்துக்கொண்டால், பயணத்தில் மட்டும் 640 மணித்தியாலம் கழிகிறது. தகைமைகள் சட்டகத்தின் கணக்கில் இது ஏறத்தாழ 13 கிரெடிட்டுக்குரிய கற்றல் நேரம். கொழும்பில் வசிக்கும் சகமாணவர் நூலகத்திலோ தூக்கத்திலோ செலவிடும் அந்த நேரத்தை, திருகோணமலைக்காரர் இருக்கையில் சாய்ந்தபடி கழிக்கிறார். இதற்கு மேல் சனி இரவுத் தங்குமிடச் செலவு, திங்கட்கிழமை கண்ணெரிச்சலோடு அலுவலகம் போவது, வாரம் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட துணைவருக்கு வார இறுதியிலும் ஓய்வு கிடைக்காதது என்று கட்டண விபரத்தில் எழுதப்படாத செலவுகள் சேர்கின்றன. விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன் இந்த விடயத்தை வீட்டில் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். முதற் பருவம் தொடங்கிய பின் பேசுவது நியாயமல்ல.

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வர்த்தக, முகாமைத்துவ பீடம் இதற்கு நேர் எதிரான கணக்கைத் தருகிறது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்த நிறுவனம், கிழக்கு மாகாணத்தின் வணிகத்தை உள்ளிருந்து அறிந்த விரிவுரையாளர்களைக் கொண்டது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, மூதூர், வாகரைப் பாதையின் மற்றைய படகுத்துறைகளுக்கும் பாலங்கள் வந்த பிறகு, கரையோரமாகவே மூன்று மணித்தியாலமளவில் போய்விடலாம். மட்டக்களப்பு நகருக்கு முன்னதாகவே வளாகம் வந்துவிடும். கொழும்புக்குச் செய்த அதே கணக்கை இங்கே செய்தால் ஆண்டுக்கு 240 மணித்தியாலம். மிச்சமாகும் 400 மணித்தியாலத்தை வாசிப்புக்கும் எழுத்துக்கும் செலவிட்டால், பெயர் பெற்ற நிறுவனத்தில் தூக்கக் கலக்கத்தோடு படித்தவரைவிட ஆழமாகப் படித்தவராக ஒருவர் வெளியே வர முடியும். திருகோணமலை வளாகம் கோணேசபுரியிலேயே இருப்பதும், அங்கே வணிகக் கற்கைகளுக்கெனப் பீடம் இருப்பதும் இன்னொரு வசதி. வார இறுதி வகுப்புகள் எந்த வளாகத்தில் நடக்கும் என்பதை ஒவ்வொரு ஆண்டுச் சேர்க்கையின்போதும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

குறையும் உண்டு. வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாகாணத்தவராகவும், வங்கி, அரச சேவை, கல்வித்துறை என்ற சில துறைகளைச் சேர்ந்தவர்களாகவும் இருக்கும்போது, ஏற்றுமதித் தொழில் எப்படி விலை பேசுகிறது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனியின் பணிப்பாளர் சபை எப்படி நடக்கிறது போன்றவற்றைச் சகமாணவரிடமிருந்து கேட்டறியும் வாய்ப்பு குறைகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ.யும் இதே வகையைச் சேர்ந்தது. அங்குள்ள சகமாணவர் வட்டம் சற்று வேறானது என்றாலும், ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக ஏறத்தாழ 230 கிலோமீற்றர் என்பதால் திருகோணமலைக்காரருக்குத் தூரத்தில் பெரிய ஆதாயம் இல்லை. யாழ்ப்பாணத்தில் தங்க உறவினர் வீடு இருப்பவர்களுக்கு மட்டும் அது கணக்கில் வரலாம்.

ஆய்வு என்று வரும்போது தராசு கிழக்கின் பக்கம் தெளிவாகச் சாய்கிறது. திருகோணமலையைச் சுற்றி ஆய்வாளருக்காகக் காத்திருக்கும் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. கிழக்குக் கடற்கரையின் உல்லாசப் பருவம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் அறைகள் காலியாகின்றன. எஞ்சிய மாதங்களுக்கான சம்பளத்தையும் கடன் தவணையையும் ஒரு சிறிய விடுதி எப்படிச் சமாளிக்கிறது என்பது தொழிற்படு மூலதன முகாமைத்துவத்தின் மிகச் சிறந்த பாடம். கோதுமையைக் கப்பலில் இறக்கி மாவாக்கி நாடெங்கும் அனுப்பும் பிறிமா ஆலை, வெளிநாட்டிலிருந்து வரும் மூலப்பொருளைச் சீமெந்தாக்கும் டோக்கியோ சீமெந்து ஆகிய இரண்டும் ஒரே குடாவின் கரையில் இயங்குவது வழங்கல் சங்கிலியைப் படிப்பவருக்குப் பெரும் வாய்ப்பு. எண்ணெய்க் குதங்களின் கதை இன்னும் சிக்கலானது: 2022 ஜனவரியில் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி 99 தாங்கிகளில் 14 லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடமும் உள்ளன. அந்தக் கூட்டுக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். அரச நிறுவனமும் அந்நியக் கம்பனியும் இணைந்து முதலீடு செய்யும்போது தீர்மான அதிகாரம் எப்படிப் பகிரப்படுகிறது என்பதை இதைவிட அருகே வைத்துப் படிக்க வேறெங்கே முடியும்?

கொழும்பில் படிப்பவரும் இவற்றை ஆராயலாம். எவரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிலிருந்து எண்களை எடுத்து எழுதுவது அங்கே எளிதாகக் கைகூடுவதால், பலர் அந்த வழியிலேயே போய்விடுகிறார்கள். இந்த ஊரின் தொழில்களைப் பற்றி இந்த ஊரார் எழுதிய ஆய்வுகள் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையான வருத்தம். மேற்பார்வையாளர் ஒருவர் மூதூர்ப் பாதையில் தாமே வந்து போகக்கூடியவராக இருந்தால், அந்தக் குறை நீங்குவதற்கு வழி உண்டு.

நாவலையில் தலைமையகத்தைக் கொண்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பொதுநலவாய நிறைவேற்று எம்.பி.ஏ. மூன்றாவது தெரிவு. பொதுநலவாயக் கற்றல் அமைப்பு, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை ஆகிய நாடுகளின் திறந்த பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து உருவாக்கிய பாடநெறி இது. இதன் இரட்டைப் பிறவியாகப் பொது நிருவாக முதுமாணியும் உண்டு. மாகாண சபைத் தலைமையகம் இருக்கும் இந்நகரின் அரச அலுவலர்கள் அதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இங்கே பயணம் குறைகிறது, கற்றல் கைந்நூல்கள் வீட்டுக்கு வருகின்றன, இரவு பிள்ளைகள் தூங்கிய பின் படிக்கலாம். முறைமாற்று வேலை செய்பவருக்கும், சிறு பிள்ளைகளின் தாய்மாருக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆயினும் தனிமையில் படிப்பதற்கான ஒழுக்கம் வேண்டும். வாராந்த வகுப்பின் கட்டாயம் இல்லாதபோது ஒப்படைகள் கடைசி இரவுக்குத் தள்ளப்படுகின்றன. ஒரு பருவம் பின்தங்கியவர் மீண்டும் வேகம் பிடிப்பது சிரமம். ஊரில் அதே பாடநெறியைப் படிக்கும் இருவர் மூவர் சேர்ந்து மாதம் இரு முறையாவது கூடிப் படித்தால், இந்தத் தெரிவின் பாதிப் பலவீனம் மறைந்துவிடும். கலந்துரையாடல் வகுப்புகளும் பரீட்சைகளும் எந்த நிலையத்தில் நடைபெறும் என்பதை முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாமே ஆங்கில மொழிமூலம் நடப்பவை. தமிழ் மொழிமூலம் பட்டம் பெற்ற பலர் இதனாலேயே பின்வாங்குவதைக் காண்கிறேன். அந்த அச்சம் தேவையற்றது. அறிக்கைகளையும் மின்னஞ்சல்களையும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய முகாமையாளருக்கு வாசிப்புப் பெரும் தடையாக இராது. நீண்ட கட்டுரை எழுதுவதுதான் பயிற்சி கேட்கிறது. சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே வாரம் ஒரு பக்கம் எழுதத் தொடங்குபவருக்கு முதற் பருவம் இலகுவாகும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டங்களைக் கொழும்பின் தனியார் நிறுவனங்கள் வழியாகவோ நேரடியாக இணையத்திலோ பெறுவது பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரித்தானிய முதுமாணி 180 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம் என்பதால் 1800 மணித்தியாலம். எண்ணைப் பார்த்து மயங்காமல் மணித்தியாலங்களை ஒப்பிட்டால், அது நமது 9ஆம் மட்டத்தைவிடச் சற்றே கூடியது என்பது புரியும். கட்டணம் பவுணோடு கட்டுண்டிருந்தால், 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது நேர்ந்ததைப் போல, இடைநடுவில் தவணை ஏறக்கூடும். அரச, அரச சார்பு நிறுவனங்களில் இருப்பவர், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். புலம்பெயர எண்ணுபவர்களுக்கு இந்தத் தெரிவு பொருந்தும். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

எந்தத் தெரிவானாலும், நிறுவனம் கட்டணம் செலுத்த முன்வந்தால், அதற்கு ஈடாகக் கேட்கப்படும் சேவைப் பிணை எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும், இடமாற்றம் வந்தால் பிணை தொடருமா என்பவற்றை வாசித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். பாடநெறிகளை முடித்து ஆய்வறிக்கையில் தேங்கி நிற்பவர்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. அப்படி நிற்க நேர்ந்தால், அதுவரை சேர்த்த கிரெடிட்டுகளுக்கு 8ஆம் மட்டத்துக்குரிய பட்டப்பின் டிப்ளோமாவைப் பெற்று வெளியேற வழி இருக்கிறதா, ஆய்வறிக்கைக்கான காலநீடிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு அறவிடப்படுகிறது என்ற இரண்டையும் நேர்முகத் தேர்வு நாளிலேயே கேட்டுவிடலாம்.