ஸ்பூல் டேப்ரெக்கார்டரை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: டேப்பைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் அப்பாயியின் குரலில் 22 நிமிடம் அழிந்துபோய்விட்டது. இனி எந்தக் காசு கொடுத்தாலும் வராது. வீட்டில் பழைய ஸ்பூல் டேப்ரெக்கார்டரை (கேசட் இல்லாமல், திறந்த சுருளில் டேப் ஓடும் மிஷின்) வைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்ய ஆள் தேடுகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

நாங்கள் கோத்தகிரிப் பக்கம். 1964 ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கை மலையகத்திலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம். அப்பாயி பதுளையில் கொழுந்தெடுத்தவர். மலையில் பாடிய பாட்டு, கங்காணியை ஏசும் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று எல்லாம் மனப்பாடம். 1983-ல் சவூதியிலிருந்து வந்த சித்தப்பா, தான் கொண்டுவந்த அகாய் ஜிஎக்ஸ் 4000டி முன்னால் அப்பாயியை உட்காரவைத்து அதையெல்லாம் பிடித்து வைத்தார். ஏழு அங்குல ஸ்பூல் ஒன்றே ஒன்று. 1800 அடி டேப், விநாடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 96 நிமிடம் வரும். வேறு பிரதி கிடையாது.

சித்தப்பா தவறிய பிறகு மிஷின் என்னிடம் வந்தது. எங்கள் ஊர் ஈரமும் பனிமூட்டமும் தெரியும்தானே. உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி இளகி, கப்பியில் அப்பியிருந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து அதைத் துடைத்தெடுக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. டேப்பைத் தொட்டுப் பாட்டைப் படிக்கும் ஹெட்டையும் சுத்தம் செய்து, புது பெல்ட் வரவழைத்துப் போட்டேன். ஓடியது. அப்பாயி பாடினார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து அப்படியே நின்றுவிட்டார்.

இடது ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் கரகரத்து, விட்டு விட்டு வந்தது. அன்றைக்கே ஒரு கேபிளைச் செருகிக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கரிலும் தெளிவாகக் கேட்கட்டும், அப்புறம் ஏற்றலாம் என்று விட்டேன். போர்டில் கைவைக்கவும் பயம். கோயம்புத்தூரில் பழைய ஆடியோ செட் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பெயர் போட விரும்பவில்லை.

"டெஸ்ட் பண்ண டேப் வேணும் சார், அதையும் குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்தேன். முன்பணம் 3,000 ரூபாய். பத்து நாள் கழித்து, "ஹெட் தேஞ்சுபோச்சு சார், மாத்தணும்" என்று இன்னொரு 9,500 வாங்கினார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜிஎக்ஸ் என்றாலே கண்ணாடியும் ஃபெரைட் என்கிற கடினமான காந்தப் பொருளும் சேர்த்துச் செய்த ஹெட். லேசில் தேயாது என்பதுதான் அதன் பெருமையே. பில் கேட்டதற்கு "கடைசியில தர்றேன்" என்றார். கடைசிவரை தரவில்லை.

ஏழு வாரம் கழித்து மிஷின் வந்தது. இடது ஸ்பீக்கரில் கேட்டது, உண்மை. ஆனால் மொத்தச் சத்தமும் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கல். மூடியைக் கழற்றி, சுத்தம் செய்த அன்று எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். போட்டோவில் ஒலிக்கும் ஹெட்டின் முகம் கண்ணாடி போலப் பளபளவென்று இருக்கிறது. இப்போது இருப்பதோ நடுவில் டேப் அறுத்த பள்ளத்தோடு ஒரு சாதாரண ஹெட். நல்லதை எடுத்துக்கொண்டு, தேய்ந்ததை மாட்டி, அதற்குக் காசும் வாங்கியிருக்கிறார்.

அதுகூடப் போகட்டும். டேப்பை முதலிலிருந்து ஓட்டினால் சினிமாப் பாட்டு வருகிறது. ஒன்று முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது. போன் செய்தேன். "ரெக்கார்டிங் ஓடுதான்னு பாக்க வேண்டாமா சார்? பழைய டேப்தானே" என்றார். ஹெட்டைப் பற்றிக் கேட்டதும், "உள்ள இருந்தது இதுதான்" என்று வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை.

கேசட்டில் முதுகுப் பக்கத்துச் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் ரெக்கார்டு ஆகாது. ஸ்பூலில் அப்படி ஒரு காவலும் கிடையாது. ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் அழிக்கும் ஹெட் முன்னால் நின்று பழையதைத் துடைத்துவிடும். அடுத்த ஹெட் புதியதை எழுதும். அதனால் சரிபார்க்க வெற்று டேப் ஒன்றையோ, போனாலும் பரவாயில்லை என்கிற டேப்பையோ கொடுங்கள். ஒரு ஸ்பீக்கரில்தான் கேட்கிறதென்றாலும், உங்கள் டேப்பை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் ஓட்ட வேண்டாம். மிஷினைக் கொடுக்கும் முன் மூடியைக் கழற்றி ஹெட்களைக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். மாற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஊட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் மிஷினைத் திறந்து பார்த்தார். ரெக்கார்டு ஸ்விட்சைச் சுற்றி அண்மையில் கான்டாக்ட் கிளீனர் (ஸ்விட்சின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்த ஈரப் படிவு. அந்த ஸ்விட்சின் தொடுமுனைகள் கறுத்துப்போவது இந்த மிஷின்களில் சகஜமாம். இடது ஸ்பீக்கரில் விட்டு விட்டு வந்ததற்கு அவ்வளவுதான் வைத்தியம் என்றார், அரை மணி நேர வேலை. அதற்கு நான் கொடுத்தது 12,500 ரூபாயும் ஒரு ஹெட்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொன்னேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததால் போனில் பணம் அனுப்பிய ரசீதும் போட்டோக்களும்தான் என் கையில். அதை வைத்தே மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மிஷின் கால் அங்குல டேப்பில் நான்கு தடமாகப் பதியும். ஒரு பக்கம் ஸ்டீரியோவில் பதிந்தால் ஒன்றும் மூன்றும்தான் அழியும்; மறுபக்கத்தின் இரண்டும் நான்கும் தப்பிக்கும். அதனால் மறுபக்கத்துத் தாலாட்டு முழுதாக இருக்கிறது. நண்பரின் மிஷினில் ஓட்டி இரண்டு பக்கத்தையும் ஏற்றிவிட்டேன். முதல் பக்கத்தில் 22-வது நிமிடம் அந்தச் சினிமாப் பாட்டு பாதியில் நிற்கும். கொஞ்சம் அமைதி. அப்புறம் அப்பாயியின் குரல், ஒப்பாரியின் ஒரு வரி நடுவிலிருந்து.