பால்வாடித் திண்ணையில் நான்கு நாள்

பொங்கலை ஒட்டி மூன்று வாரம் ஆலங்குளம் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில் இருந்தோம். சிட்னியில் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்ப் பழகிய என் நான்கு வயது மகளுக்கு மூன்றாம் நாளே வீடு சலித்துவிட்டது. தம்பி மகன், மூன்றரை வயது, பால்வாடிக்குப் போகிறான். பலகையில் அங்கன்வாடி என்றுதான் எழுதியிருக்கிறது, ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

"இவளும் வந்து உட்காரட்டுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதுக்கென்னக்கா, விட்டுட்டுப் போங்க."

நான் போகவில்லை. நான்கு நாளும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன்.

1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் பால்வாடிப் பிள்ளைகளும் சேர்த்தி. அதனால் என் காலத்தில் பால்வாடி என்றால் தட்டைத் தூக்கிக்கொண்டு போவது, சாப்பிடுவது, தூங்குவது, அவ்வளவுதான். இப்போது சுவர் நிறையப் படம், பிள்ளைகளுக்குக் கலர் டிரஸ், 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று மாதத்துக்கு ஒரு தலைப்பு வைத்த பாடத்திட்டம். முதல் நாள் முட்டை நாள். வீட்டில் முட்டையைத் தொடாத என் மகள் வரிசையில் உட்கார்ந்து முழு முட்டையையும் தின்றாள்.

எங்கள் பக்கம் பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். தம்பி மனைவியும்தான். பால்வாடி இல்லாத நாளில் பிள்ளை, மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அம்மா பக்கத்திலேயே, புகையிலைத் தூளுக்கு நடுவே கிடக்கும். "காலையில இவன் அங்க போனாத்தான் மதினி எனக்குக் கணக்குப் பீடி முடியும்" என்றாள். காப்பகம் இருப்பதால்தான் நானும் சிட்னியில் வேலைக்குப் போகிறேன். அதற்கு நான் கட்டும் தொகையை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

சரி, குறை என்ன? ஆள். சிட்னியில் என் மகள் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒருவர் இருந்தாக வேண்டும், சட்டம். இங்கே இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர். ஓர் ஆயா உண்டு, ஆனால் அவர் அடுப்பை விட்டு நகர முடியாது. டீச்சர் பாட்டை ஆரம்பிப்பார். இரண்டாவது அடியில் ஒரு கர்ப்பிணிப் பெண் சத்துமாவுக்கு வந்து நிற்பார். எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், அதையெல்லாம் போனில் ஏற்ற வேண்டும், சிக்னலுக்காக வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். இடையில் வாக்காளர் பட்டியல் வேலை வேறு. மூன்றாம் நாள் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நேரம் முக்கால் மணி கூட வராது.

நான் கொண்டுபோன மரத்துண்டு விளையாட்டுச் சாமான் பீரோவுக்குள் போய்விட்டது. "உடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார் ஆயா. எனக்குக் கோபம்தான். பிறகு யோசித்தேன், இருபத்திரண்டு பேர் கையில் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் கூட்டாளிகளும் 640 மையங்களை எடுத்து, அதில் பாதிக்கு மட்டும் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஓர் உள்ளூர்ப் பெண்ணைப் போட்டார்கள். அந்த மையங்களில் பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் முந்திவிட்டார்கள், வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதமும் குறைந்தது. விகிதம் குறைந்ததற்கு, பழைய டீச்சருக்கு மற்ற வேலைகளுக்கு நேரம் கிடைத்ததுதான் காரணமாம். எங்கள் ஊரில் பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்களை நானே நாலைந்து பேர் எண்ணிவிடுவேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பி ஒரு ரசீதைக் காட்டினான். ஜூனில் மகனை எல்.கே.ஜி.யில் சேர்க்க அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. வேன் வரும், டை உண்டு, ஹோம்வொர்க் உண்டு. மூன்றரை வயதுக்கு ஹோம்வொர்க் எதற்கடா என்றேன். "நீ வெளிநாட்டுல இருந்துக்கிட்டு பால்வாடி நல்லாருக்குங்கிற. இங்க இங்கிலீஷ் வேணும்க்கா" என்றான். பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

மறுநாள் டீச்சரிடம் விடைபெறப் போனபோது அதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். ஆயாதான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"போகட்டும். லீவு விட்டா முட்டை நாளைக்கு மட்டும் வரச் சொல்லு."