காதுக்குள் ஓடும் தறி: பதினோரு வருஷ விபஸ்ஸனா

போன வாரம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் ராத்திரி பத்தரை மணிக்குக் கூப்பிட்டார். இருபத்து நாலு தறியையும் பழைய இரும்பு எடைக்குப் போட்டுவிட்டு இரண்டு மாசமாகத் தூக்கம் இல்லாமல் கிடக்கிறவர். "ஏனுங்ண்ணா, நீங்க அந்தப் பத்து நாள் தியானத்துக்குப் போயிட்டு வர்றீங்களே, போனா நிம்மதி கெடைக்குமுங்களா? ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. "காலையில கூப்பிடறேன் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வாரம் ஆகியும் கூப்பிடவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விபஸ்ஸனா என்கிற அந்தப் புத்தர் வழித் தியான முகாம் எப்படி நடக்கும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். விடிகாலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். பேச்சு, போன், புத்தகம், பேனா எதுவும் கிடையாது. பதினோரு மணிக்கு மதியச் சாப்பாடு. கட்டணம் இல்லை, முடித்தவர்கள் மனம் இருந்தால் கொடுக்கலாம். நான் முதல் தடவை போனது 2014 ஜனவரி. அதற்குப் பிறகு மூன்று தடவை. மதம் மாறச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் மாறவில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது அப்படியேதான் நடக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது என் காதைப் பற்றி.

பதினைந்து வயதிலிருந்து தறிக்குடோனில் இருக்கிறேன். விசைத்தறி ஓடுகிற இடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். 85-க்கு மேல் தினம் எட்டு மணி நேரம் கேட்டாலே காதுக்குக் கேடு என்பதை ரொம்பக் காலம் கழித்து டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எங்களுக்கெல்லாம் சத்தம்தான் சோறு. ஊடைநூலைக் கொண்டு ஓடுகிற நாடா ஒழுங்காகத் தட்டினால் வீட்டில் அடுப்பு எரியும், சத்தம் நின்றால்தான் பயம்.

2012-இல் அந்தச் சத்தம் நின்றது. அந்த வருஷ மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. தறி எல்லாம் நின்று ஊரே அடங்கும்போது என் காதுக்குள் மட்டும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. சில்வண்டு மாதிரி, மெல்லிய கம்பி ஒன்றை நிறுத்தாமல் இழுப்பது மாதிரி 'ஙீ' என்று ஒரு சத்தம். முதலில் டிரான்ஸ்பார்மர் என்றுதான் நினைத்தேன். வெளியே போய் நின்று பார்த்தேன், கூடவே வந்தது.

காது டாக்டர் பரிசோதனை செய்து ஒரு வரைபடம் காட்டினார். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. உள்காதில் இருக்கும் மயிரிழை போன்ற செல்கள் செத்துப்போனால் மறுபடி முளைக்காதாம். இரைச்சலை அடியோடு நிறுத்த மருந்து இல்லை என்றும், இனியாவது காதடைப்பான் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றும் சொன்னார். பகலில் தறிச் சத்தம் அதை மூடிவிடும். ராத்திரி அதுவும் நானும் மட்டும். ஒன்றரை வருஷம் டிவியை ஓடவிட்டுத்தான் தூங்கினேன். வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். இந்த நிலையில்தான் யாரோ சொன்ன பத்து நாள் முகாமுக்கு விண்ணப்பம் போட்டேன்.

காது இரைகிற ஆள் போகக் கூடாத இடம் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது தியான மண்டபம்தான். நூறு பேர் மூச்சு விடுவதைத் தவிர வேறு சத்தமில்லாத அந்த இருட்டில், விடிகாலை நாலரை மணிக்கு, என் தலைக்குள் முழுக் குடோனும் ஓடியது. முதல் மூன்றரை நாள் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள், ஆனாபானம் என்று பெயர். எனக்கு மூச்சு எங்கே தெரிந்தது, காதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் மதியம் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும், கவனத்தை மூச்சுக்குக் கொண்டுவாங்க" என்றார். அவ்வளவுதான் பதில். அறைக்குப் போய் அழுதேன். பையைக் கட்டிவிட்டேன். பேசக் கூடாது என்ற விதி இருந்ததால் போகிறேன் என்று சொல்லக்கூட வழி தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த முறையை நமக்குக் கொண்டுவந்த கோயங்காஜியும் நோயோடுதான் போனவர். 1924-இல் பர்மாவின் மாந்தலேயில் பிறந்த வியாபாரி. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி, மார்பின் ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு. 1955-இல் தியான ஆசிரியர் ஊ பா கின் அவர்களிடம் போனபோது, தலைவலிக்காக என்றால் வராதே, மனம் சுத்தமாக வேண்டுமென்றால் வா என்று அவர் திருப்பிச் சொன்னாராம். ஊ பா கின் துறவி அல்ல. பர்மா அரசாங்கத்தில் தலைமைக் கணக்காயராக இருந்த குடும்பஸ்தர். அதனாலோ என்னவோ அவர் பேச்சில் கணக்கு நேராக இருக்கிறது. கோயங்காஜி 1969-இல் இந்தியா வந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், 2013 செப்டம்பரில் காலமானார். நான் போனது அதற்கு நாலு மாசம் கழித்து. ஒலிப்பதிவில் அவர் குரல் இந்தத் தலைவலிக் கதையைச் சொன்னபோது, கட்டிய பையை அவிழ்த்தேன். காதுக்காக வந்தவனைப் பார்த்து நேரடியாகச் சொன்ன மாதிரி இருந்தது.

நாலாம் நாள் விபஸ்ஸனா தொடங்கும். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்பில் என்ன உணர்ச்சி இருக்கிறது என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்கார வேண்டும். புத்தர் போதனைகள் எழுதப்பட்ட பாலி மொழியில் இந்த உணர்ச்சிக்கு வேதனா என்று பெயர். நமக்கு வேதனை என்றால் வலி மட்டும்தான். பாலியில் இன்பமும் வேதனாதான், இரண்டும் இல்லாததும் வேதனாதான். தமிழில் வலி மட்டும் தங்கிவிட்டது. வேதனாவிலிருந்து தண்ஹா, அதாவது இது வேண்டும், இது வேண்டாம் என்ற தாகம் பிறக்கிறது என்று புத்தர் சொல்கிறார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனுஷனுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று முகாமில் விளக்குவார்கள். ஆறாம் நாள் அந்த இடத்தை நான் பார்த்தேன். காதில் சத்தம் இருந்தது. வயிற்றில் ஒரு முடிச்சு விழுந்தது. இரண்டும் ஒன்று என்றே அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, இரண்டும் வேறு. ஒன்றரை வருஷம் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது காது இல்லை, வயிறு.

நிஜமான மகிழ்ச்சி கிடைத்தது நாலு வருஷம் கழித்து, மண்டபத்தில் இல்லை, தறிக்குடோனில். 2018 ஐப்பசியில் ஒரு மதியம். பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று கரண்ட் போய், பன்னிரண்டும் ஒரே மூச்சில் நின்றன. அந்த நொடியை நான் வருஷக்கணக்காகப் பயந்திருக்கிறேன். சத்தம் நின்றதும் காதுக்குள் அது எழும், நெஞ்சு அடைக்கும், கை தானாகப் போனை எடுத்துப் பாட்டுப் போடும். அன்றைக்கு எழுந்தது. வயிற்றில் முடிச்சு விழுவதும் தெரிந்தது. விழுந்த முடிச்சு, நான் ஒன்றும் செய்யாமலே, இரண்டு மூச்சில் அவிழ்ந்ததும் தெரிந்தது. சத்தம் மட்டும் இருந்தது. வெறும் சத்தம். பஞ்சுத் தூசி வெயிலில் மெதுவாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "மொதலாளி, ஜெனரேட்டர் போடட்டுங்களா?" என்று தறிக்காரர் மூன்று தடவை கேட்டாராம். வேண்டாம், கொஞ்சம் இருக்கட்டும் என்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கால் மணி நேரம் இருந்ததில்லை.

அதிலிருந்து தறிக்கு நடுவில்தான் எனக்குத் தியானம் கைகூடுகிறது. காதடைப்பான் போட்டுக்கொண்டு தறியின் பாவு நூலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தால், மண்டபத்தில் வராத நிதானம் வருகிறது. தப்போ சரியோ என்று ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது, ஆளவி நகரத்து நெசவாளி மகளின் கதையைக் கேட்கும் வரை. புத்தர் வாக்குகளின் தொகுப்பான தம்மபதத்தின் பழைய உரையில் வருகிறது. பதினாறு வயதுப் பெண். உயிர் நிச்சயமில்லை, சாவு நிச்சயம், அதை நினைத்துப் பழகு என்று புத்தர் ஊருக்கே சொன்னதை அவள் ஒருத்தி மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் பழகினாள். புத்தர் திரும்பி வந்த அன்றைக்கு அப்பா தார், அதாவது நாடாவுக்குள் வைக்கிற ஊடைநூல் குழல், சுற்றிக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போயிருந்தார், துணி ஒரு சாண் பாக்கி. போகாவிட்டால் அடிப்பார். அவள் தாரைச் சுற்றிக் கூடையில் எடுத்துக்கொண்டு, தறிக்குப் போகிற வழியில் கூட்டத்தின் ஓரமாக வந்து நின்றாள். அவள் வரும்வரை புத்தர் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். சுற்றி ஊரே காத்திருக்க, தார் சுற்றுகிற ஒரு பெண்ணுக்காக! என் அம்மா ராட்டையில் தார் சுற்றியவர். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

எங்கிருந்து வருகிறாய் என்று புத்தர் கேட்க, தெரியாது என்றாள். எங்கே போகிறாய்? தெரியாது. தெரியாதா? தெரியும். தெரியுமா? தெரியாது. முந்தின பிறவி தெரியாது, அடுத்த பிறவி தெரியாது, சாவு வரும் என்பது தெரியும், எப்போது என்பது தெரியாது. மூன்று வருஷப் பழக்கம் இந்த நாலு பதிலில் இருக்கிறது. அவள் எந்த மண்டபத்தில் உட்கார்ந்தாள்? நூலுக்கு நடுவில்தானே. அன்றைக்கே தறிக்கட்டை மார்பில் அடித்து அவள் இறந்துபோனாள் என்று கதை முடிகிறது. அதை நான் மறைக்க மாட்டேன்.

இனி மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்தில் இரைச்சல் ஒரு துளிகூடக் குறையவில்லை. குறையும் என்று யாரும் சொல்லவில்லை, உண்மைதான். ஆனாலும் உட்காரும் ஒவ்வொரு காலையிலும் உள்ளே ஒரு மூலையில் எதிர்பார்க்கிறேன், ஒவ்வொரு காலையிலும் ஏமாறுகிறேன். காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்வார்கள். காலை ஒரு மணி நேரத்தை ஆறு வருஷம் காப்பாற்றினேன். மாலை என்பது என் கையில் வந்ததே இல்லை. 2020 ஊரடங்கில் தறிகள் வாரக்கணக்கில் நின்று, நெடுஞ்சாலை லாரிச் சத்தம்கூட இல்லாமல் போனபோதுதான் இது எனக்கு அதிகம் தேவைப்பட்டது. அப்போதுதான் விட்டேன். ஐந்து மாசம் ஒரு நாள்கூட உட்காரவில்லை. திரும்ப டிவியை ஓடவிட்டுத் தூங்கினேன்.

இன்னொன்று, முகாமில் மௌனம் கலைகிற பத்தாம் நாள் கூட இருந்த ஒருவர் என் காதைப் பற்றிக் கேட்டுவிட்டு, "பழைய சங்காரா மேல வருது, பாவம் கழியுது" என்றார். சங்காரா என்றால் மனசில் படிந்துகிடக்கிற பழைய வினைப்பதிவு. எனக்கு இரத்தம் கொதித்தது. என் காதைக் கெடுத்தது காதடைப்பான் போடாத முப்பது வருஷம். என் தறிக்காரர்களுக்கும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. முகாமிலிருந்து வந்து நான் செய்த முதல் வேலை எல்லாருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தது. வலியைக் கவனிக்கச் சொல்கிற படிப்பு, வலிக்குக் காரணத்தை ஊரில் தேடாதே என்று சொல்வதாக ஆகிவிடக் கூடாது. புத்தர் துக்கம் என்று சொன்ன கையோடு அதன் காரணத்தையும் சொன்னவர்.

பாஹியர் என்பவர் ஒருநாள் சாவத்தி நகரத் தெருவில் பிச்சைக்குப் போய்க்கொண்டிருந்த புத்தரை மறித்து, இப்போதே உபதேசம் வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். இது நேரமில்லை என்று இரண்டு தடவை மறுத்தவர், மூன்றாம் தடவை தெருவிலேயே நின்று சொன்னார்: பார்ப்பதில் பார்ப்பது மட்டும் இருக்கட்டும், கேட்பதில் கேட்பது மட்டும் இருக்கட்டும். எனக்கு அந்த இரண்டாவது வரி போதும். 2018-இல் குடோனில் அந்தக் கால் மணி நேரம் இருந்தது அதுதான். அதற்குப் பிறகு அது முழுசாக வந்தது கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான்.

தம்பி, உங்களுக்கு என் பதில் இது. இப்போது போக வேண்டாம். இரண்டு மாசம் தூங்காத மனுஷன் முதலில் டாக்டரிடம் போங்கள், பேங்கில் போய் உட்கார்ந்து கடனுக்குத் தவணை பேசுங்கள். விண்ணப்பத்தில் மன உபாதை உண்டா, மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. பத்து நாள் பேச்சில்லாமல் உட்காரும்போது அந்த இருபத்து நாலு தறியும் உங்களுக்குள் ஓடும், ஒவ்வொன்றாக எடைக்கும் போகும். அதைத் தாங்குகிற தெம்பு வந்த பிறகு பேசலாம். நிம்மதிக்கென்று கேட்டால் போங்கள் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். மூன்று நாளாகச் சளி பிடித்து என் காதில் சத்தம் இரண்டு மடங்கு. இன்றைக்குக் காலை இருபது நிமிஷத்தில் எழுந்துவிட்டேன், வீட்டில் காப்பி ஆறிப்போனதற்குச் சத்தம் போட்டேன். பதினோரு வருஷம் உட்கார்ந்தவனுடைய இன்றைய நிலைமை இது.

ஐந்தாவது முகாமுக்கு நேற்று ராத்திரி விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். உடல் உபாதை ஏதும் உண்டா என்ற இடத்தில், முதல் நாலு தடவை எழுதிய மாதிரியே, காதில் இரைச்சல் என்று எழுதியிருக்கிறேன்.