லயமா, இரட்டை வீடா, 7 பேர்ச் தனி வீடா?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறை வீடுகளைக் கிட்டக் கிட்டப் பார்க்கலாம். வெள்ளைக்காரன் காலத்து லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடு, 1990களில் பரவிய இரட்டை வீடு, அண்மைக்காலமாக இந்திய உதவியோடு எழும் தனி வீடு. குடியிருக்க எது நல்லது என்று கேட்டால் தயங்காமல் தனி வீடு என்பேன். ஆனால் சுவரையும் கூரையையும் மட்டும் பார்த்து அப்படிச் சொல்லவில்லை; நிலம் யார் பெயரில் என்று சொல்லும் உறுதிப் பத்திரத்தையும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

லயம் கோப்பிக் காலத்திலேயே தொடங்கியது. ஒரே நீளக் கூரை, அதன் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் (அறைகள்), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை). ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்தான். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயத்தில் பின்பக்கம் ஜன்னல் வைக்கவே வழியில்லை. அடுப்புப் புகையும் கதவு வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அதே கூரை வழியாக வரிசை முழுக்கப் பரவிவிடும்.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின்போது, விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் உழைப்பாளிகளுக்கான மாதிரி வீடுகளைக் கட்டிக் காட்டினார். குடும்பத்துக்கு மூன்று படுக்கையறை: பெற்றோருக்கு ஒன்று, ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. அதே காலத்தில் கண்டி மலைகளில் நம் ஆட்களுக்குக் கிடைத்தது ஒற்றைக் காம்பரா. இதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

லயத்திடம் ஒரு நல்லது உண்டு. அம்மா கொழுந்தெடுக்கப் போனாலும் பிள்ளையின் மேல் பத்துக் கண் இருக்கும். சாவு விழுந்தால் லயமே வாசலுக்கு வந்துவிடும். தனி வீட்டுக்குப் போகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

இரட்டை வீடு பாதி வழி. பக்கத்துக் குடும்பத்தோடு ஒரு சுவர் மட்டும் பொது. காற்றும் வெளிச்சமும் மற்றப் பக்கங்களில் வரும். கட்டக் கொடுத்த கடனைச் சம்பளத்தில் கழித்தார்கள். அப்படிக் கட்டி முடித்த பிறகும் பலருக்கு நில உறுதிப் பத்திரம் கைக்கு வரவில்லை.

அப்புறம் தனி வீடு. 7 பேர்ச் நிலம் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி), அதில் சுமார் 550 சதுர அடி வீடு, இரண்டு படுக்கையறை, உள்ளேயே கழிப்பறை. பின்னால் நாலு மரக்கறிப் பாத்தி போடலாம். லயத்தில் இருப்பவருக்கு இது பெரிய விடுதலை.

உறுதிப் பத்திரத்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. லயம் வேலையோடு ஒட்டிய இருப்பிடம். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யாவிட்டால் எந்த நேரமும் கேள்வி வரும். 1948இல் குடியுரிமையே பறிபோன மக்களுக்கு வீட்டு இலக்கம்கூட ஒழுங்காக இருக்கவில்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். தோட்டக் குடியிருப்புகளுக்கு உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை செலவு செய்யத் தடையாக இருந்த, பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது.

இடமும் முக்கியம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. 2020 ஆகஸ்டில் கேரளத்து மூணாறு பக்கம் பெட்டிமுடியில் அதே கதை. லயங்களில் உறங்கிய 70 தமிழ் உயிர்கள் போயின. எந்த வகை வீடானாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தச் சரிவைப் பார்த்து அனுமதி கொடுத்ததா என்று கேளுங்கள்.

புது வீட்டுச் சாவி வாங்கும்போது பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள், கணவன் மனைவி இருவர் பெயரிலும். நாளை மகனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு அறை கூட்டிக் கட்ட நினைத்தால், தோட்டத் துரையிடம் (மேலாளரிடம்) போய் நிற்க வேண்டியிருக்காது.