நினைவு மாளிகையா, ஆன்கி அட்டையா, உருப்போடுதலா?

நாலு துறையிலும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், படித்தது வருடக்கணக்கில் நிற்க வேண்டும் என்று தேடினால் யூடியூப் முதலில் காட்டுவது நினைவு மாளிகையைத்தான். பழகிய வீட்டின் வாசல், திண்ணை, அடுப்படி என்று வரிசையாக ஒவ்வொரு இடத்திலும் ஒரு விஷயத்தைக் கோமாளித்தனமான காட்சியாக்கி வைத்துவிட்டு, வேண்டும்போது மனதுக்குள் அந்த வீட்டைச் சுற்றி வந்து எடுத்துக்கொள்வது. ரோமானியப் பேச்சாளர்கள் கையாண்ட உத்தி, இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தினம் அரை மணி நேரம் என 40 நாள் பயிற்சி எடுத்தவர்கள் 72 சொற்களில் சராசரியாக 26-ஐ நினைவுவைத்த நிலையிலிருந்து 62-க்குப் போனார்கள்.

சரி, சொல் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேடைப்பேச்சு, சோழ மன்னர் வரிசை மாதிரி வரிசை முக்கியமான இடத்தில் மாளிகை அருமை. விலைவாசி ஏறினால் ரிசர்வ் வங்கி ஏன் வட்டியை ஏற்றுகிறது என்பதைத் திண்ணையில் உட்கார வைக்க முடியாது.

அங்கேதான் ஆன்கி ஜெயிக்கிறது. 2006-இல் வந்த, கேள்வி-பதில் அட்டைகளை வைத்துப் படிக்கும் செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. கேள்வியைக் காட்டும், நீங்கள் பதிலை யோசிக்க வேண்டும், சரியாகச் சொன்ன அட்டை சில நாள் கழித்து, அப்புறம் சில வாரம், சில மாதம் கழித்து வரும், தவறியது சீக்கிரமே திரும்பும். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதியதுதான் இதற்கு அடிப்படை. போன் பிடிக்காதவர்களுக்கு லைட்னரின் அட்டைப்பெட்டி முறை இருக்கிறது: சரியாகச் சொன்ன காகித அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறியது முதல் அறைக்குத் திரும்பும், ஐந்து அறை போதும்.

இதன் தொல்லை, ஒரு வாரம் விட்டால் பாக்கி மலையாகக் குவிவதுதான். அடுத்தவர் செய்த அட்டைகளை இறக்கிப் படிப்பதும் என் பார்வையில் வீண். அட்டை எழுதும்போதுதான் பாதி புரிகிறது.

நம் உருப்போடும் மரபையும் ஒதுக்க வேண்டாம், பாட்டுக்கு அதுவே மேல். அபிராமி அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கமாக இருப்பதால் வாய் தானாக நகரும், அங்கே ஆன்கி எதற்கு? அவதானம் வேறு ரகம்: 1907-இல் சென்னையில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானம் ஒரே அமர்வில் கவனத்தைப் பல பக்கம் பிரித்து வைக்கும் வித்தை, ஆயுள் முழுக்கப் படிப்பதற்கான வழி அல்ல.

ஆகவே தினசரிப் படிப்புக்கு ஆன்கியையே எடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் புது அட்டைக்கு மேல் வேண்டாம், எரிச்சலூட்டுகிற அட்டையை யோசிக்காமல் அழித்துவிடுங்கள்.