காலேஜ் பேஸ்பால் கேம்ப்: ஒரு கேட்சரின் அப்பா சொல்வது

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையனை டிவிஷன் ஒன் (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்தட்டு) காலேஜ்களின் பேஸ்பால் கோச்கள் கட்டணம் வாங்கி நடத்தும் கேம்புக்கு அனுப்பலாமா என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். என் மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பு, கேட்சர்; பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். நியூ ஜெர்சியில் இருந்து பென்சில்வேனியா, வர்ஜீனியா என்று கோடை முழுக்கக் கார் ஓட்டி, கேம்ப் கட்டணமும் ஓட்டல் வாடகையும் கட்டியவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்.

எரிச்சலில் இருந்தே தொடங்குகிறேன். கேம்புக்கு அழைக்கும் அந்த மெயில்கள்! "உன் ஆட்டத்தைக் கவனித்து வருகிறோம், எங்கள் மைதானத்தில் உன்னைப் பார்க்க ஆவல்" என்று தலைமைக் கோச் பெயரில் வரும். மகன் பெயர் மட்டும் வேறு ஃபான்ட்டில் இருக்கும். பேஸ்பாலை விட்டு நீச்சலுக்குப் போய்விட்ட எதிர்வீட்டுப் பையனுக்கும் அதே மெயில், அதே ஆவல். அடியில் பொடி எழுத்தில், வயது, வகுப்பு, இட எண்ணிக்கை போன்ற வரம்புகள் தவிர யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று போட்டிருப்பார்கள். கேம்ப் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி. மகன் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதில்லை. மெயில் வந்த அன்று இரவு அவன் சாப்பிட்ட வேகமே வேறு.

கேம்பில் முதுகில் ஓர் எண்ணை ஒட்டிவிடுவார்கள். 60 கஜ ஓட்டம், எறிதல், பேட்டிங், கடைசியில் மேட்ச். ஒரு கேம்பில் வேலியோரம் நின்றிருந்த என்னைத் தாண்டிப் போன கோச்சின் கையில் இருந்த பட்டியல் கண்ணில் பட்டது. ஒரு பந்துகூட வீசாத காலை நேரம். அதற்குள் ஏழெட்டு எண்களுக்கு மஞ்சள் பூசியிருந்தது. ஸ்டாப்வாட்ச்சும் பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னும் நாள் முழுக்க அந்தப் பையன்கள் பின்னாலேயே போயின. மற்றப் பையன்கள் அந்த மேட்சுக்கு ஆள் சேர்க்கப் பணம் கட்டி வந்தவர்கள், அவ்வளவுதான்.

நண்பருக்கு முக்கியமான விஷயம் இது. பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை டிவிஷன் ஒன் கோச் பையனிடம் ரெக்ரூட்டிங், அதாவது அணிக்கு ஆள் எடுப்பது பற்றிப் பேசவே கூடாது. பார்க்கலாம், பாடம் சொல்லலாம், அதற்கு மேல் வாய் திறக்க முடியாது. பேசும் வயது வந்த பிறகும் இடம் குறைவு: என்சிஏஏ வழக்கில் வந்த 2025 சமரச ஒப்பந்தத்தை ஏற்ற கல்லூரிகளில் அணிக்கு 34 பேர்தான். அதிலும் காலேஜ் மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இருந்து வரும் இருபத்திரண்டு வயது ஆட்களோடு மோத வேண்டும்.

கோச்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 வரை தலைமைக் கோச், சம்பளம் வாங்கும் இரண்டு துணைக் கோச்கள் போக நான்காமவர் வாலண்டியர்தான்; காலேஜ் அவருக்குச் சம்பளம் தரக் கூடாது. பலருக்குக் கேம்ப் பணம்தான் பிழைப்பாக இருந்தது. சரி, புரிகிறது. அதற்காக அந்த மெயிலா?

ஆனால் அதே மஞ்சள் பட்டியல் கேம்பில், மஞ்சள் பூசாத என் மகனை ஒரு கேட்சிங் கோச் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்து உட்கார வைத்தார். பந்து கிளவ்வில் விழுவதில் இருந்து இரண்டாம் பேஸில் நிற்பவன் கைக்குப் போய்ச் சேரும் வரை ஆகும் நேரத்தைத்தான் பாப் டைம் என்கிறார்கள். தூரம் 127 அடிக்கு மேல். இவனுக்கு 2.2 வினாடி ஆகிக்கொண்டிருந்தது. கை பலம் போதாது என்று நாங்கள் ஜிம்முக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் கையைப் பார்க்கவே இல்லை. "பந்தை எட்டிப் பிடிக்காதே, உன்னிடம் வரட்டும். அது வரும்போதே வலது கால் நகரட்டும்." சாண்ட்விச் ஒரு கையில், காலால் மண்ணில் கோடு போட்டு, திரும்பத் திரும்ப. குளிர்காலம் முழுக்க எங்கள் கராஜில் அந்தக் கோடு சாக்பீஸில் இருந்தது. வசந்தத்தில் 2.1க்குக் கீழே வந்துவிட்டான். வருஷக்கணக்காகக் கிளப் டீமுக்குக் கொட்டிய பணத்தில் இது கிடைக்கவில்லை.

நண்பரின் மகன் பிட்சர், பந்து வீசுபவன். அவருக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். பத்தாம் வகுப்பு முடியட்டும். அப்புறம் மார்க் நன்றாக இருந்தால் டிவிஷன் த்ரீ காலேஜ்களாகப் பார்த்து, அங்குள்ள கோச்களுக்கு ஹைஸ்கூல் கோச்சை முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. கேம்ப் என்பது சுத்தமான வியாபாரம், காசுக்குக் கேடு.

நாங்களா? டிசம்பரில் அந்தக் கேட்சிங் கோச்சின் காலேஜ் நடத்தும் கேட்சர் கேம்புக்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று.